திரளாத வெண்ணெய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

மத்தின் ஓசையைக் கேட்டே கண் விழித்துப் பழகியவள் நான். எங்கள் வீட்டில் சேவல் கூவுவதும் அப்பத்தா தயிர் கடைவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். தூணில் கயிற்றைக் கட்டி, பானையைப் பிரிமனையின் மேல் இருத்தி, கால்களை நீட்டி உட்கார்ந்து, வலக்கையும் இடக்கையுமாக அவர் மாறி மாறி இழுக்க, மத்து 'சளப் சளப்' என்று சுழலும். அரை மணி நேரம் போனதும் அந்த ஓசை சற்றே கனத்து மாறும். "தெரளுது தாயி, அந்தச் சொம்புத் தண்ணிய எடு" என்பார் அப்பத்தா. பானைக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். காதால் கேட்டே வெண்ணெயைக் கண்டுபிடிப்பவர் அவர்.

எங்களுக்கு இரண்டு பசுக்கள். காலைப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விடும். மாலைப் பாலில் வீட்டுக்கு எடுத்தது போக மீதியை உறை ஊற்றி, மறுநாள் கடைந்து, வெண்ணெயைச் சேர்த்து வைத்து நெய்யாக உருக்கி விற்பார். மோர், கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் இலவசம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்துக்கும், செய்முறைக் குறிப்பேட்டுக்கும், ஆய்வுக்கூட மேலங்கிக்கும் கொடுத்த பணம் அப்பத்தாவின் சுருக்குப் பையிலிருந்துதான் வந்தது. அந்த மேலங்கியைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெய் வாசனை வருவதுபோல இருக்கும்.

தயிர் கடைவதில் அப்பத்தாவுக்குச் சில சட்டங்கள் உண்டு. வெயில் ஏறுமுன் கடைந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் மண்பானைத் தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துக் கடைய வேண்டும். மார்கழிக் குளிரிலோ, கொஞ்சம் வெந்நீர் சேர்க்க வேண்டும். வெண்ணெய் கண்ட பிறகு ஓங்கி இழுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், "எங்க ஆத்தா அப்படித்தான் கடைஞ்சாங்க" என்பதோடு பதில் முடிந்துவிடும். இவையெல்லாம் வெறும் பழக்கம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி நான் சொல்லப் போகும் தவறுக்கு இதுவே காரணம் என்பதால் சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல், வீட்டுக்கு வரும் காகிதங்களையெல்லாம் என்னிடமே நீட்டத் தொடங்கினார்கள். வங்கிக் கடிதம், மாத்திரை அட்டை, உர மூட்டையின் மேல் உள்ள எழுத்து, எல்லாவற்றுக்கும் நானே உரை சொல்ல வேண்டும். "படிச்ச புள்ள சொல்லுது" என்று கேட்டுக்கொள்வார்கள். தெரியாததைக்கூடத் தெரிந்தது போலச் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை என்பதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். எந்தப் பாடத்திலும் இல்லாத பாடம் அது.

முதலாண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறை. வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. ஆண்டுதோறும் அப்பத்தா தம் கையால் கடைந்து உருக்கிய நெய்யில்தான் மாவிளக்கு ஏற்றுவார். அந்த ஆண்டு இரண்டு பசுக்களுமே சினையாகிப் பால் வற்றிவிட்டன. சேர்த்து வைத்திருந்த நெய்யும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. "பால வாங்கி ஒற ஊத்திக் கடைஞ்சாப் போச்சு" என்று அப்பத்தா துணிந்து, தெருமுனைக் கடையில் 4 லிட்டர் பாக்கெட் பால் கடனுக்கு வாங்கி வந்தார்.

மறுநாள் விடியற்காலை. அம்மா ஒருபக்கம் மாவிளக்குக்கு ஊற வைத்து நிழலில் உலர்த்திய அரிசியை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் அப்பத்தா கடைந்துகொண்டிருந்தார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. மத்தின் ஓசை மாறவே இல்லை. குளிர்ந்த நீர் ஊற்றினார். பிறகு கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். அம்மா அரிசியை இடித்துச் சலித்தும் முடித்துவிட்டார். அப்பத்தாவின் கைகள் ஓய்ந்துபோயின. முதன்முறையாக அவர் பானைக்குள் எட்டிப் பார்த்ததை அன்று கண்டேன். நுரையைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. கையை விட்டுத் துழாவினார். நெல்லிக்காய் அளவுகூட வெண்ணெய் அகப்படவில்லை.

"எழுபது வயசுல எனக்குக் கடையத் தெரியாமப் போச்சா?" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. பிறகு பால் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்குன்னு படி தாயி."

படித்தேன். 'சமன்படுத்திய பால்' என்று இருந்தது. கொழுப்பு 3 விழுக்காடு என்று இருந்தது. கீழே ஆங்கில எழுத்தில் 'பாஸ்சரைஸ்டு', 'ஹோமோஜெனைஸ்டு' என்று இரண்டு சொற்கள். முதல் சொல் பள்ளியிலேயே படித்தது. இரண்டாவது சொல்லை வாய்விட்டுப் படித்தேனே தவிர, அதன் பொருள் எனக்குத் தெரியாது. "அப்படின்னா?" என்று கேட்டார் அப்பத்தா. அம்மாவும் முறத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கையிலேயே கைப்பேசி இருந்தது. தேடிப் பார்க்க அரை நிமிடம் பிடித்திருக்காது. ஆனால் தெரியாது என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறவர்தாமே தேடுவார்? நான் சொன்னது இதுதான்: "ஏதோ மருந்து கலந்திருக்காங்க அப்பத்தா. அதான் வெண்ணெய் வரல."

அப்பத்தா அந்த மோரை அப்படியே கழுநீர்த் தொட்டியில் கொட்டினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். காலை நேரம், கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "ஏப்பா, புள்ளகுட்டிக்காரன் நீ. மருந்து கலந்த பாலையா ஊருக்கு விக்கிற? எங்க வீட்டுப் புள்ள காலேசு படிக்குது, அதுவே படிச்சுச் சொல்லிருச்சு" என்று அப்பத்தா கேட்ட கேள்வி தெரு முழுவதும் கேட்டது. கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசவில்லை. "வந்ததத்தான் ஆத்தா விக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணக்கு நோட்டில் எங்கள் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 4 லிட்டர் பாலின் தொகையை அடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்பது நினைவில்லை. மறுத்துச் சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஆண்டு மாவிளக்கு எரிந்தது விலைக்கு வாங்கிய நெய்யில். அப்பத்தா அன்று கோவிலில் யாரோடும் பேசவில்லை.

விடுமுறை முடிந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கின. ஆவணி மாதத்தில் ஒருநாள் எங்கள் பேராசிரியை கூழ்மங்கள் பற்றிய பாடத்தில் பால்மம் என்னும் பகுதிக்கு வந்தார். ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு நீர்மங்களில், ஒன்று நுண்துளிகளாகச் சிதறி மற்றொன்றில் பரவி நிற்பதே பால்மம். பாலில் கொழுப்புத் துளிகள் நீரில் பரவியுள்ளன. வெண்ணெயிலோ நீர்த்துளிகள் கொழுப்பில் பரவியுள்ளன. கடையில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பும், 16 விழுக்காட்டுக்கு மேற்படாத நீரும் இருக்கும். தயிர் கடைதல் என்பது முதல் வகையை இரண்டாம் வகையாகத் தலைகீழாக்கும் வேலை. இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எண்ணெயையும் நீரையும் ஒரு குப்பியில் குலுக்கினால் கணநேரம் கலந்தாற்போலத் தோன்றிப் பிறகு பிரிந்துவிடுகின்றன. பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் அப்படி ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துளியின் மேலும் ஒரு மெல்லிய உறை இருப்பதுதான். லெசித்தின் போன்ற பொருள்களும் புரதங்களும் சேர்ந்தது அந்த உறை. லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை கொழுப்பை நாடும். மறுமுனை நீரை நாடும். இரண்டு வீட்டுக்கும் உறவினராக நடுவில் நிற்கும் இத்தகைய பொருளுக்குப் பால்மமாக்கி என்று பெயர். மத்து சுழலும்போது துளிகள் மோதி அந்த உறை கிழிகிறது, கொழுப்போடு கொழுப்பு ஒட்டுகிறது, வெண்ணெய் திரள்கிறது. அதற்குக் கொழுப்பு பாதி உறைந்தும் பாதி உருகியும் இருக்க வேண்டும். உறைந்த பகுதியின் கூர்மையான படிகங்கள் உறையைக் குத்திக் கிழிக்கின்றன. உருகிய பகுதி பசைபோல ஒட்டுகிறது. வெப்பம் மிகுந்து முழுவதும் உருகினாலும், குளிர் மிகுந்து முழுவதும் இறுகினாலும் வெண்ணெய் ஒழுங்காகத் திரளாது. கோடையில் குளிர்ந்த நீரும் மார்கழியில் வெந்நீரும் ஊற்றும் அப்பத்தாவின் சட்டங்களுக்கு என் குறிப்பேட்டில் விளக்கம் கிடைத்தது.

அடுத்து அவர் கரும்பலகையில் எழுதிய சொல்லைப் பார்த்ததும் என் எழுதுகோல் நின்றுவிட்டது. 'ஒருபடித்தாக்கல்' என்று எழுதி, அதன் ஆங்கிலப் பெயரையும் சொன்னார். நான் மருந்து என்று சொன்ன அதே சொல்! அது மருந்துமல்ல, கலப்படமுமல்ல. பாலில் உள்ள கொழுப்புத் துளிகளை மேலும் மேலும் சிறிதாக உடைத்து, பால் முழுவதும் ஒரே சீராகப் பரவச் செய்யும் முறையின் பெயர் அது.

அன்று மாலையே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கடைக்காரரிடமும் சொல்ல வேண்டுமே என்ற அச்சம். அந்தக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

புரட்டாசியில் எங்கள் துறையினர் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அங்கே அந்த இயந்திரத்தை நேரில் பார்த்தேன். பிஸ்டன்கள் மாறி மாறி இயங்கும் பெரிய அழுத்தப் பம்பு அது. ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய பாலை, சதுர செண்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ அழுத்தத்தில், 0.1 மில்லிமீட்டர் அளவே உள்ள இடுக்கு வழியாகப் பீய்ச்சுகிறது. இருசக்கர வண்டியின் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப்போல 75 முதல் 100 மடங்கு! அந்த இடுக்கில் பாய்ந்து வெளிப்படும் வேகத்தில் கொழுப்புத் துளிகள் நொறுங்குகின்றன. உடைந்த துளிகள் கொத்துக் கொத்தாகக் கூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே குறைந்த அழுத்தமுள்ள இரண்டாவது இடுக்கின் வழியாகவும் செலுத்தி அந்தக் கொத்துகளைப் பிரித்துவிடுகிறார்கள். பிரான்சு நாட்டு அகஸ்ட் காலின் என்பவர் 1899-இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினாராம்.

கறந்த பாலில் கொழுப்புத் துளியின் குறுக்களவு சராசரியாக 3 முதல் 4 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயந்திரத்தைக் கடந்த பிறகு அது ஒரு மைக்ரானுக்கும் கீழே வந்துவிடுகிறது. அங்கேயே எங்கள் பேராசிரியை ஒரு கணக்குப் போடச் சொன்னார். 4 மைக்ரான் துளி ஒன்று 0.4 மைக்ரான் துளிகளாக உடைந்தால் எத்தனை துளிகள்? ஆயிரம். மொத்தப் புறப்பரப்பு எத்தனை மடங்காகும்? பத்து மடங்கு. மேலே மிதந்து எழும் வேகம்? 1851-இல் ஸ்டோக்ஸ் கண்ட விதியின்படி, வேகம் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நூறில் ஒரு பங்கு. அசையாமல் வைத்த பாலில் பெரிய துளி ஒரு செண்டிமீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் என்றால், சிறிய துளிக்கு 500 மணி நேரம், அதாவது 20 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் பால்தான் நமக்காகக் காத்திருக்குமா? பாக்கெட் பாலில் ஆடை தடிப்பாகப் படியாததன் காரணம் இதுவே.

வெண்ணெய் திரளாததற்குக் காரணம் இன்னொன்று. புறப்பரப்பு பத்து மடங்கானால் பழைய உறை போதாது. ஒரு தாவணியைக் கிழித்துப் பத்துப் பேருக்குப் போர்த்த முடியுமா? அந்த வேளையில் பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் ஓடிவந்து புதிய துளிகளின் மேல் படிந்து போர்த்திவிடுகிறது. இவ்வளவு சிறிய துளிகளை, இவ்வளவு நன்றாகப் போர்த்திய பிறகு, மத்தின் வேகத்தால் கிழித்து ஒன்றுசேர்ப்பது மிகக் கடினம். அப்பத்தாவின் கை அன்று எதிர்த்து நின்றது ஓர் இரும்பு இயந்திரத்தின் அழுத்தத்தை! 4 லிட்டர் பாலில் 3 விழுக்காடு என்றால் சுமார் 120 கிராம் கொழுப்பு. அது அவ்வளவும் அந்தப் பானையிலேயேதான் இருந்தது. நாங்கள்தான் அதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினோம்.

ஆலையில் இன்னொன்றும் கேட்டேன். ஒருபடித்தாக்கிய பாலைப் பாஸ்சர் முறையில் சூடேற்றாமல் விட்டால் விரைவில் கசந்து சிக்கு வாடை அடிக்குமாம். பாலில் இயற்கையாகவே உள்ள லைப்பேஸ் என்னும் நொதி, பழைய உறையை இழந்த கொழுப்பை எளிதில் தாக்கிவிடும். அதனால்தான் 72 பாகையில் 15 விநாடி சூடேற்றி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்து, உடனே 4 பாகைக்குக் குளிர்விக்கிறார்கள். சிறிதாக உடைப்பதால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இரண்டுமே பரப்பு பெருகுவதால் வருவன.

பேருந்தில் திரும்பும்போது எங்கள் வீட்டு உரலும் அம்மியும் நினைவுக்கு வந்தன. ஒரு செண்டிமீட்டர் பக்கமுள்ள வெல்லக் கட்டிக்குப் புறப்பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துணுக்குகளாக நொறுக்கினால் 60 சதுர செண்டிமீட்டர். ஆகவேதான் தூளாக்கிய வெல்லம் மாவிளக்கு மாவோடு உடனே இளகிச் சேருகிறது. அரிசியை ஊற வைப்பது அது இளகிக் குறைந்த அடியில் உடைவதற்காக. உரல் இடித்து உடைக்கிறது. அம்மி நசுக்கித் தேய்க்கிறது. ஆட்டுக்கல் தேய்த்து அரைக்கிறது. மிளகாயை முழுதாக வைத்தால் நாள்பட நிற்கிறது. தூளாக்கினால் மணம் சீக்கிரம் போய்விடுகிறது. "மாசத்துக்கு வேண்டியத மட்டும் அரைச்சு வை" என்று அம்மாவை அப்பத்தா அதட்டுவதும் இந்தப் பரப்புக் கணக்குதான். எங்கள் சமையற்கட்டிலேயே பாதிப் பாடம் இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் மட்டும்தான் கல்லூரியில் கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்தேன். இரண்டிலும் தண்ணீரும் கடலை எண்ணெயும் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் கொஞ்சம் சோப்புத் தூளைப் போட்டேன். இரண்டையும் கையால் மூடிக் குலுக்கி, அப்பத்தாவின் முன்னால் வைத்தேன். ஒன்றில் எண்ணெய் உடனே மேலே வந்து படிந்தது. மற்றதில் பால்போல வெளுத்துக் கலங்கி நின்றது. பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பாலில் இருந்து பாலாடையைப் பிரித்து 3 விழுக்காடு என்று அளவாக வைப்பது உண்மை. அது பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. மீதமிருந்த கொழுப்பும் பொடியாகி உள்ளேயே கிடந்தது. மருந்து எதுவும் இல்லை.

அப்பத்தா நெடுநேரம் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஒவ்வொரு துளிக்கும் சட்டையப் போட்டு விட்டுட்டான்னு சொல்லு" என்றார். நான் பல பக்கங்களில் எழுதியிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது.

"அப்ப அந்தக் கடைக்காரப் பய ஏமாத்தலையா?"

"இல்ல அப்பத்தா."

"மருந்துன்னு நீதான தாயி சொன்ன?"

"தெரியாமச் சொல்லிட்டேன் அப்பத்தா."

"தெரியாமச் சொல்றது வேற. தெரியலன்னு சொல்லாம விடுறது வேற" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, 4 லிட்டர் பாலுக்கான பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். "நான் கத்துனதுக்கு நான் வந்து சொல்றேன். நீ சொன்னதுக்கு நீதான் சொல்லணும். நட."

காலையில் கூட்டம் இருக்கும் நேரத்திலேயே அழைத்துப் போனார். கடைக்குப் போன பிறகுதான் கவனித்தேன். கடை வாசலில் பால் பெட்டிகள் இல்லை. "பால் வர்றதில்லையாண்ணே?" என்றேன். "அன்னையோட நிறுத்திட்டேன் பாப்பா" என்றார் அவர். பால் வாங்க வருகிறவர்கள்தாம் கூடவே சர்க்கரையும் தேயிலையும் தீப்பெட்டியும் வாங்குவார்கள். பால் நின்றதும் அவர்களில் பலர் பெரிய சாலைக் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்களாம்.

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். குரல் நடுங்கியது. பாலில் மருந்து இல்லை என்றும், அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நானாகச் சொன்னது என்றும் சொல்லிப் பணத்தை நீட்டினேன். "ஏதோ வேகத்துல கத்திட்டேன்பா, மனசுல வச்சுக்காத" என்றார் அப்பத்தா. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "நான் எட்டாவதோட நின்னவன். காலேசு படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன் பாப்பா. எங்க வீட்டுச் சின்னதுக்குக்கூட அந்தப் பாலக் குடுக்கல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தாம் குற்றமற்றவர் என்று தெரிந்தும் பொறுத்துக்கொண்டார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! என் பொய்யை அவரும் நம்பியிருக்கிறார். தம்மையறியாமல் ஊருக்குத் தீங்கு செய்துவிட்டோமோ என்று நான்கு மாதங்கள் அஞ்சியிருக்கிறார். ஒரு குழந்தைக்குப் பால் நின்றிருக்கிறது. ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததால் நேர்ந்தது இவ்வளவும்.

அடுத்த வாரம் அந்தக் கடையில் மீண்டும் பால் பெட்டிகள் இறங்கின. பழைய வாடிக்கை முழுவதும் இன்னும் திரும்பவில்லை. எங்கள் பசுக்களில் ஒன்று ஐப்பசியில் கன்று ஈன்றது; அப்பத்தாவின் மத்து மறுபடி ஓசை எழுப்பத் தொடங்கியது.

ஒருநாள் கடைந்துகொண்டே கேட்டார்: "போட்ட சட்டையக் கழட்ட வழியே இல்லையா தாயி?"

"தெரியல அப்பத்தா. கேட்டு வந்து சொல்றேன்" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. அப்பத்தா சிரித்தார்.

மறுநாள் பேராசிரியையிடம் கேட்டேன். வழி உண்டு என்றார். சுவிட்சர்லாந்து நாட்டு கெர்பர் வகுத்த கொழுப்புச் சோதனையில், 10 மில்லிலிட்டர் கந்தக அமிலத்தோடு 10.75 மில்லிலிட்டர் பாலும் ஒரு மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். அமிலம் புரத உறையைக் கரைத்துவிட, கொழுப்பு தனியே பிரிந்து குழாயின் கழுத்தில் ஏறி நிற்கிறது. ஒருபடித்தாக்கிய பாலுக்கு ஒருமுறை சுழற்றினால் போதாது. மீண்டும் மீண்டும் சுழற்ற வேண்டும். அப்படிக் கிடைக்கும் கொழுப்பு அளப்பதற்குத்தான் ஆகும், விளக்கேற்ற ஆகாது. இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அட, அந்தக் காலத்துல சங்கத்துல குழாய்ல ஊத்திச் சுத்துவானே, அதுவா!" என்றார். அவர் அதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவர்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். நம் வாய்ச்சொல்லை வேதவாக்காகக் கேட்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். நாம் சொல்வது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. ஆகவே சோதிக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே. உடைத்துப் பரப்பிய கொழுப்பு மீண்டும் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. ஊரில் பரவிய சொல்லும் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டு வந்து சொல்வதற்காகத்தான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு மாவிளக்குக்கு நெய் இப்போதே சேரத் தொடங்கிவிட்டது. கடைவது அப்பத்தா. பக்கத்தில் உட்கார்ந்து, ஓசை மாறுவதைக் காதால் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டிருப்பது நான். இதுவரை இரண்டே இரண்டு முறைதான் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.